கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியவை

முதலில் அவசரமா இல்லையா என்று பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோய் உறுதியானவர்களுக்கு வழியே வேறு. மற்றவர்களுக்கு "இந்த வாரமே எடுத்தாக வேண்டும்" என்ற நிலை அபூர்வம்.

அடுத்து ஸ்கேன் ரிப்போர்ட். 'பல்க்கி யூட்ரஸ்' என்றால் கர்ப்பப்பை சற்றுப் பருத்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை பெற்றவர்களுக்கு அது சகஜம். 'நபோத்தியன் சிஸ்ட்' என்பது கர்ப்பப்பை வாயில் வரும் தீங்கில்லாத நீர்க்கொப்புளம். இந்த இரண்டையும் காட்டி "புண் இருக்கிறது, விட்டால் புற்றுநோயாகிவிடும்" என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அந்தப் பயத்தைத் தீர்க்க பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில் செல்களைத் தடவி எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுத்துப் பார்க்கலாம். தொந்தரவு தராத சிறிய நார்க்கட்டியை விட்டுவிடலாம்; மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். வெறும் வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பது பெரிய அநியாயம்.

ரத்தப்போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, கர்ப்பப் பரிசோதனை மூன்றும் வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் சேரும். பிறகுதான் மருந்து. வழக்கமாகத் தருவது டிரனெக்ஸாமிக் அமிலம்: 500 மி.கி. மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, ரத்தம் அதிகம் போகும் நாட்களில் மட்டும், நான்கு நாள் வரை. ரத்தம் உறையும் நோய் இருந்தவர்களுக்கு இது ஆகாது. டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேளைக்கு ஒன்று மட்டும் போட்டுவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று முடிவுகட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொரு வழி, 52 மி.கி. ஹார்மோன் அடங்கிய, காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம். ஐந்தாண்டுக்குக் குறையாமல் வேலை செய்யும். ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வரை ரத்தம் திட்டுத்திட்டாகப் படும். அதைப் பார்த்துப் பயந்து எடுத்துவிட்டால் போட்ட பணம் வீண்.

இரண்டாவது கருத்தை அரசு மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் கேளுங்கள். முதல் டாக்டர் சொன்னதைச் சொல்லாமல் உங்கள் தொந்தரவை மட்டும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுகள் பழைய ஆஸ்பத்திரியில் இருந்தால் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

எடுத்தே தீர வேண்டுமென்றால், பிறப்புறுப்பு வழியாகவே செய்ய முடியுமா என்று கேளுங்கள். வயிற்றைக் கிழிப்பதைவிடச் சீக்கிரம் தேறலாம். ரத்தசோகை இருந்தால் முதலில் இரும்புச்சத்து ஏற்றிக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தில் 'டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விடும். மாதவிலக்கு நிற்காத வயதில் அவற்றை எடுத்தால் எலும்பு தேயும், இதயநோய் அபாயம் கூடும். காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த ரிப்போர்ட்டையும் வாங்கி வையுங்கள்.