மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்போர்டு: காலி பிரீசெட்டிலிருந்து முதல் டோன் வரை

கிட்டார் ஒலியில் பல எஃபெக்ட்களைச் சேர்க்கும் புது பெடல்போர்டில் வரும் பிரீசெட்கள் (சேமித்து வைத்த டோன் அமைப்புகள்) பெரும்பாலும் கேட்டவுடன் அசத்துவதற்காகச் செய்தவை. கெயினும் (கரகரப்பு) ரிவர்பும் (அறையின் எதிரொலி) தாராளமாக இருக்கும். தனியாக வாசிக்க இனிக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். அதனால் ஒரு காலி பிரீசெட்டில் தொடங்குங்கள். இங்கே உதாரணத்துக்கு லைன் 6 நிறுவனத்தின் பாட் கோவை எடுத்திருக்கிறோம். பெயர்கள் கொஞ்சம் மாறினாலும் மற்ற போர்டுகளிலும் இதே வழிதான்.

1. கேபிளைச் செருகும் முன்

கூடவே வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். வேறு அடாப்டர் என்றால் வோல்ட்டும் முனையின் துருவமும் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. சின்ன பெடலுக்கான அடாப்டரைச் செருகினால் போர்டு திடீர் திடீரென்று அணைந்து எழும். கோளாறு போர்டில் இல்லை, மின்சாரம் போதவில்லை.

2. சத்தம் எங்கே போகிறது?

புதியவர்களின் டோன் கெடுவது அதிகமும் இந்த இடத்தில்தான். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். போர்டுக்குள் ஸ்பீக்கர் பெட்டியாக நடிக்கும் பகுதியான கேப் பிளாக் அந்த வேலையைத்தான் போலச் செய்கிறது.

ஹெட்ஃபோன், மிக்சர், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்றால் கேப் ஆன். அணைத்துவிட்டு டிஸ்டார்ஷன் போட்டால் டப்பாவுக்குள் வண்டு அடைத்த மாதிரி இரையும். கிட்டார் ஆம்பின் முன் இன்புட் என்றால் ஆம்ப், கேப் இரண்டையும் அணைத்து எஃபெக்ட்களை மட்டும் அனுப்புங்கள். ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் (பவர் ஆம்புக்கு நேராகப் போகும் துளை) இருந்தால் அதில் செருகி, ஆம்ப் மாடலை ஆனில் வைத்து கேப்பை மட்டும் அணைக்கலாம். இரண்டு ஸ்பீக்கரின் குணம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல மங்கிவிடும்.

3. ஆம்ப் பிளாக்

கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, சுருதி பார்த்துக்கொள்ளுங்கள் (டேப் ஸ்விட்சை அழுத்திப் பிடித்தால் டியூனர் வரும்). பிறகு பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் 5, கெயின் 3.

கெயின், மாஸ்டர், சேனல் வால்யூம் மூன்றையும் திருகினால் சத்தம் கூடும், ஆனால் வேலை வேறு வேறு. கெயின் முன்பகுதியில் கரகரப்பைச் சேர்க்கும். மாஸ்டர் பவர் ஆம்பை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது, திருகினால் குணமே மாறும். சேனல் வால்யூம் டோனைத் தொடாது, சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும். 'சத்தம் பத்தவில்லை' என்று கெயினை ஏற்றுவதுதான் வழக்கமான தவறு.

கரகரப்பு போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து கெயினை ஒரு படி குறையுங்கள். முழு கார்டை அடித்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மிட்டைக் குறைக்காதீர்கள், குழுவில் கிட்டார் எடுபடுவதே அதனால்தான்.

பிறகு கேப் பிளாக்கில் லோ கட் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ். அடியில் குமுறலும் மேலே கூசலும் அடங்கும்.

4. நாய்ஸ் கேட்

வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் பகுதி இது. தந்திகளைக் கையால் மூடிக்கொண்டு, இரைச்சல் நிற்கும்வரை த்ரெஷோல்டை (கேட் மூடும் அளவை) ஏற்றுங்கள். நின்றதும் நிறுத்துங்கள். ஒரு ஸ்வரத்தை நீள விட்டுப் பாருங்கள், வால் வெட்டுப்பட்டால் அதிகம் ஏற்றிவிட்டீர்கள். சிங்கிள் காயில் பிக்கப்பின் ஹம் என்றால் கேட்டை நம்புவதைவிட, மானிட்டரையும் அடாப்டரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, உட்காரும் திசையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

5. டிலே, ரிவர்ப்

டிலே என்பது ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்க வைப்பது. அதன் மிக்ஸ் (கலக்கும் அளவு) 20 சதவீதம், ஃபீட்பேக் (எவ்வளவு நேரம் திரும்பத் திரும்ப வரும் என்பது) 30. ரிவர்ப் மிக்ஸ் 15 போதும். டிலே நேரத்துக்கு 60,000-ஐ டெம்போவால் வகுங்கள்: 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) என்றால் 500 மில்லிசெகண்ட். அதன் முக்கால் பங்கு, 375, துள்ளலான டாட்டட் எட்டாவது (முக்கால் தட்டு நீளம்). கணக்கு வேண்டாம் என்றால் தாளத்துக்கு டேப் ஸ்விட்சை நாலு முறை மிதியுங்கள்.

6. எக்ஸ்பிரஷன் பெடல்

வால்யூம் பிளாக் ஆம்புக்கு முன்னால் இருந்தால், பெடலைக் குதிகால் பக்கம் சாய்க்கும்போது கரகரப்பு குறையும். பின்னால் இருந்தால் கரகரப்பு அப்படியே நின்று சத்தம் மட்டும் இறங்கும். முன்விளிம்பை அழுத்தினால் 'வா' எஃபெக்ட் ('வா வா' என்று பேசுவது போன்ற ஒலி) ஆனாகும், இதற்குப் பாதத்தின் எடை முழுவதும் வேண்டும். பெடல் சுழியத்துக்கு முழுதாக இறங்கவில்லை என்றால் கையேட்டில் உள்ளபடி கேலிபரேட் செய்யுங்கள் (அளவைத் திருத்துங்கள்).

7. சேமித்தல்

திருகியதை சேவ் செய்யாமல் அடுத்த பிரீசெட்டுக்குத் தாவினால் அத்தனையும் போய்விடும். ஒரே பாட்டுக்குள் கிளீன், ரிதம், லீட் வேண்டுமென்றால் மூன்று பிரீசெட் செய்யாதீர்கள், மாறும்போது டிலேயின் வால் அறுந்துபோகலாம். பாட் கோவில் ஒவ்வொரு பிரீசெட்டிலும் 4 ஸ்னாப்ஷாட் (ஒரே பிரீசெட்டுக்குள் அமைப்பை மாற்றும் நிலைகள்) உண்டு, அதில் பிரித்து வையுங்கள். லீடுக்குச் சேனல் வால்யூமில் 3 டெசிபல் கூட்டினால் போதும்.

கடைசிச் சரிபார்ப்பை ஒத்திகைச் சத்தத்தில்தான் செய்ய வேண்டும். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகவே கேட்கும், நாமும் ஏற்றிவிடுவோம். அதே அமைப்பு மேடையில் குமுறும். அங்கே ஒவ்வொரு பிரீசெட்டையும் திருகிக்கொண்டிருக்காமல், குளோபல் ஈக்யூவில் (எல்லா பிரீசெட்டுக்கும் பொதுவான ஒலிச் சமன்) 100 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் இறக்கிவிடுங்கள்.