ஸ்பிரிண்ட் வீரரின் வாட் கணக்கு: அளப்பதும் அதற்கேற்ற கியரைப் பூட்டுவதும்

ஓடுதளச் சைக்கிள் பந்தயத்தில் ஸ்பிரிண்ட் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை வாட் வர வேண்டும் என்பதைத்தான். உலகத் தரத்து ஆண் வீரர்கள் ஓரிரு நொடிகளுக்கு 2000 வாட்டைத் தாண்டுகிறார்கள். குதிரைத்திறனில் சொன்னால் ஏறக்குறைய 2.7. ஆனால் அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. ஓடுதள வண்டிக்கு ஒரே ஒரு கியர்தான் உண்டு. அதுவும் பின்சக்கரத்தோடு இறுகப் பிணைந்தது என்பதால் ஓட்டத்தின் நடுவே அதை மாற்றவும் முடியாது, பெடலைச் சும்மா நிறுத்திவைக்கவும் முடியாது. எனவே உங்கள் கால்களின் திறன் எந்தச் சுழற்சி வேகத்தில் உச்சத்தைத் தொடுகிறது, நீங்கள் இறங்கும் பந்தயம் எந்தச் சுழற்சி வேகத்தில் உங்களை ஓட வைக்கிறது என்ற இரண்டையும் அறிந்து, அவை முடிந்தவரை ஒன்றுசேரும்படி பல்சக்கரங்களைத் தேர்ந்தெடுப்பதே உண்மையான வேலை.

திறன் என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கற்பலன். கிராங்கில் (பெடலைத் தாங்கிச் சுழலும் கையில்) செலுத்தும் முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, 9.55ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். இந்த ஒரு வரிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

அளவெடுக்கும் முறை

கிராங்கில் பொருத்தும் பவர் மீட்டர் ஒன்று தேவை. உலோகம் வளைவதைக் கொண்டு விசையைக் கணிக்கும் கருவி என்பதால் வெப்பநிலை மாறினால் அதன் சுழியமும் (விசை இல்லாதபோது காட்டும் எண்ணும்) நகரும். ஆகவே அரங்குக்குள் வந்த உடனே அல்ல, வண்டி அரங்கின் வெப்பத்துக்குப் பழகிய பிறகு, பெடலில் கால் வைக்காமல் சுழியத்தைச் சரிசெய்ய வேண்டும். பதிவு இடைவெளியையும் பாருங்கள். நொடிக்கு ஒரு முறை மட்டும் பதியும் கருவி ஸ்பிரிண்டுக்குப் போதாது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது முதல் நொடியில் கிராங்க் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றியிருக்காது, அப்போது கருவி காட்டும் எண் பாதி ஊகமே. ஒவ்வொரு கிராங்க் சுற்றுக்கும் தனித்தனியே முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் தரும் பதிவுதான் இங்கே பயன்படும்.

நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்டு, ஆறு நொடி அளவிலான முழுவேக ஓட்டங்கள் மூன்று அல்லது நான்கு எடுங்கள். முதலாவது, நின்ற நிலையிலிருந்து பெரிய கியரில். இது குறைந்த சுழற்சி வேகத்தில் உங்கள் வலுவைக் காட்டும். இரண்டாவது, மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போது நடுத்தரக் கியரில். மூன்றாவது, சாய்ந்த தளத்தின் உயரத்திலிருந்து இறங்கியபடி சிறிய கியரில். இது நிமிடத்துக்கு 150க்கு மேற்பட்ட சுற்றுகளில் கால்கள் என்ன செய்கின்றன என்று காட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஏழெட்டு நிமிடம் ஓய்வு வேண்டும். பொறுமையிழந்து இரண்டே நிமிடத்தில் அடுத்ததை ஓடினால், நீங்கள் அளப்பது திறனை அல்ல, களைப்பை.

பிறகு ஒரு கட்டத்தாளில் கிடையாகச் சுற்று வேகத்தையும் செங்குத்தாக முறுக்குவிசையையும் குறித்து எல்லாப் புள்ளிகளையும் இட்டுப் பாருங்கள். அவை ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழும்; வேகம் கூடக்கூட முறுக்குவிசை சீராகக் குறையும். கோட்டை இரு பக்கமும் நீட்டினால் ஒரு முனையில் உங்கள் உச்ச முறுக்குவிசையும், மறுமுனையில் விசையே செலுத்த முடியாத உச்சச் சுழற்சி வேகமும் கிடைக்கும். உச்சத் திறன் இந்த இரண்டுக்கும் நடுவே, உச்சச் சுழற்சி வேகத்தின் சரிபாதியில் இருக்கும்.

ஒரு வீரரின் கோடு 260 நியூட்டன் மீட்டரில் தொடங்கி 260 சுற்றில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 130 சுற்றில் அவருடைய முறுக்குவிசை 130. திறன் ஏறக்குறைய 1770 வாட். 160 சுற்றில் முறுக்குவிசை 100ஆகக் குறைந்து திறன் 1675ஆகிறது. 190 சுற்றில் 1390 வாட்தான். மறுபக்கம், 60 சுற்றில் முறுக்குவிசை 200 இருந்தும் திறன் 1260ஐத் தாண்டவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 100க்கும் 160க்கும் இடையே இவர் தம் உச்சத்தில் 94 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை. அந்த மேட்டின் மேலேயே பந்தயத்தின் பெரும்பகுதியை ஓடிமுடிக்க வைப்பதுதான் கியரின் பணி.

கியரை எண்ணாக மாற்றுதல்

முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு முறை சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். சுற்றளவை அட்டவணையிலிருந்து எடுப்பதைவிட நேரில் அளப்பதே மேல். டயரில் பந்தயக் காற்றழுத்தம் வைத்து, வால்வு தரையை நோக்கி நேர் கீழே இருக்கும்போது தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்க மற்றவர் மெதுவாகத் தள்ளி, வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் அடுத்த கோட்டைப் போடுங்கள். உடல் எடையில் டயர் சற்று அமுங்குவதால் அட்டவணை எண்ணுக்கும் இதற்கும் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். கீழே வரும் கணக்குகளில் 2.09 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் வீரர் 200 மீட்டர் பறக்கும் ஓட்டத்தை (ஏற்கெனவே வேகமெடுத்து வந்து ஓடும் 200 மீட்டரை) 10.6 நொடியில் முடிக்கிறார் என்றால் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 68 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 1132 மீட்டர். 52×14 கியரில் (முன்னால் 52 பல், பின்னால் 14 பல்) ஒரு சுற்றுக்கு 7.76 மீட்டர் போவதால் அவர் 146 சுற்று மிதிக்க வேண்டும். 56×14இல் 8.36 மீட்டர், 135 சுற்று. 60×14இல் 8.96 மீட்டர், 126 சுற்று. காகிதத்தில் மூன்றும் மேட்டின் மேல்தான் இருக்கின்றன. ஆனால் மேடு புத்துணர்வோடு இருக்கும் காலில் அளக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. முழுவேக முயற்சி பத்து நொடியைத் தாண்டியதும் வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் முதலில் தளர்கின்றன. கோட்டின் வலது முனை உள்நோக்கி வருகிறது. உச்சத் திறனுக்கான சுழற்சி வேகமும் குறைகிறது. களைப்பு நேரத்தைப் பொறுத்து மட்டுமல்லாமல் தசை எத்தனை முறை சுருங்கியது என்பதையும் பொறுத்துச் சேர்கிறது. 52×14இல் 200 மீட்டருக்கு ஏறக்குறைய 26 சுற்று. 60×14இல் 22 சுற்றுக்குச் சற்றே அதிகம்.

1990களில் 92 அங்குலத்தை (பல் விகிதத்தைச் சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கிய அளவு) ஒட்டியிருந்த கியர்கள் இப்போது 110, 120 அங்குலம் என்று வளர்ந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன் 200 மீட்டரை 9.088 நொடியில் முடித்தார். மணிக்கு 79 கிலோமீட்டருக்கும் மேல். பழைய 48×14இல் அந்த வேகத்துக்கு 184 சுற்று மிதிக்க வேண்டியிருக்கும். 60×14இல் 147 போதும். எவ்வளவு வலிமையான கால்களுக்கும் 184 சுற்று என்பது மேட்டின் சரிவில் வெகுதூரம் இறங்கிவிட்ட இடம்.

அப்படியானால் எல்லோரும் பெரிய கியரைப் பூட்டிவிடலாமா என்றால், கூடாது. இருவர் மோதும் ஸ்பிரிண்டில் மணிக்கு 25 கிலோமீட்டரில் உருண்டுகொண்டிருக்கும்போது எதிராளி திடீரெனப் பாய்ந்தால், நம் வீரர் 52×14இல் 54 சுற்றிலிருந்து 1160 வாட்டோடு கிளம்புவார். 60×14இல் 46 சுற்று, 1040 வாட்தான் வரும். அந்த இடைவெளியில் எதிராளி ஒரு வண்டி நீளம் போய்விடுவார். ஆகவே பெரிய கியர் வேண்டுமென்றால் ஜிம்மில் வலுவையும் ஏற்ற வேண்டும், பந்தயத்தில் மிகவும் மெதுவான வேகத்துக்கு இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கெய்ரின் என்ற பந்தயத்தில் டெர்னி வண்டி (வீரர்களுக்கு முன்னால் ஓடி வேகத்தை ஏற்றும் மோட்டார் வண்டி) மணிக்கு 50 கிலோமீட்டர் வரை இழுத்துவிட்டு விலகுவதால் பெரிய கியர் அவ்வளவாக உறுத்தாது. குழு ஸ்பிரிண்டின் முதல் வீரர் நின்ற நிலையிலிருந்து தளத்தை ஒரே சுற்று ஓடி விலகுவதால் அவருக்குச் சிறிய கியரே பொருந்தும்.

மாற்றும்போது முன் பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லாகக் கூட்டுங்கள். 56லிருந்து 57க்குப் போனால் மாற்றம் 1.8 விழுக்காடு, பின்னால் 14லிருந்து 13க்குப் போனால் ஒரே தாவலில் 7.7 விழுக்காடு. விகிதம் ஒன்றாக இருந்தால் பெரிய பல்சக்கரங்களே நல்லது: 56×14க்குப் பதில் 64×16 பூட்டினால் செயினின் இழுவிசையும் அது வளையும் கோணமும் குறைந்து உராய்வு சற்று மிச்சமாகும். செயின் நீளம் மாறும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவு தரும் இலவச வேகம்

250 மீட்டர் தளத்தின் வளைவு 42 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். மேல் வேலியை ஒட்டி ஓடிவிட்டு உள்ளே இறங்கும்போது நீங்கள் ஏறக்குறைய நான்கு மீட்டர் கீழே வருகிறீர்கள். மேலே மணிக்கு 50 கிலோமீட்டரில் இருந்தால், அந்த இறக்கம் மட்டுமே உங்களை 60க்கு அருகில் கொண்டுவந்துவிடும். ஒரு வாட் செலவில்லை. ஆகவே 200 மீட்டர் ஓட்டத்தில் மேலே இருக்கும்போதே முழு வலுவையும் கொட்டிவிடுவது வீண். இறங்கத் தொடங்கும் கணத்தில் எழுந்து மிதித்து, சரிவும் காலும் ஒன்றாக வேலை செய்யும்படி பார்த்துக்கொண்டு, தளத்தின் உள்விளிம்பை ஒட்டிய கறுப்புக் கோட்டை அடையும்போது இருக்கையில் அமர்ந்து உடலைத் தாழ்த்தியிருக்க வேண்டும். இன்னொன்று: வளைவில் உடல் உட்புறம் சாய்வதால் சக்கரங்கள் உடலைவிட நீண்ட பாதையில் ஓடுகின்றன. அதனால் பதிவைத் திறந்தால் தளத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்குவதைக் காண்பீர்கள். அதை உங்கள் கால்களின் சாதனையாக எண்ணிவிட வேண்டாம்.

காற்றும் கருவிகளும்

காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. வேகம் பத்து விழுக்காடு கூட, திறன் 33 விழுக்காடு கூட வேண்டும். அந்தத் தடையின் பெரும்பகுதி உடலால் வருவது என்பதால், முதல் செலவு குறுகிய ஹேண்டில்பாருக்கும் பொருத்தமான உடைக்கும் போகட்டும். தலையைத் தோள்களுக்கிடையே தாழ்த்தவும் முழங்கைகளை உள்ளே ஒடுக்கவும் பழகுவது அதைவிட முக்கியம், செலவும் இல்லை. அடுத்துப் பின்னால் டிஸ்க் சக்கரம் (ஆரங்களுக்குப் பதில் தட்டுப்போல் மூடியது). உள்ளரங்கில் குறுக்குக் காற்று இல்லாததால் முன்னாலும் டிஸ்க் போடலாம். வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் விதி; ஸ்பிரிண்ட் வண்டியில் எடையைக் குறைக்க மெனக்கெடுவதைவிட விறைப்பைக் கூட்டுவதே பயன் தரும்.

விறைப்பு ஏன் என்றால், 165 மில்லிமீட்டர் கிராங்கில் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வர வேண்டுமானால் பெடலில் 1800 நியூட்டனுக்கு மேல், அதாவது 185 கிலோ எடைக்குச் சமமான விசை விழ வேண்டும். அது உடல் எடையைவிட மிக அதிகம் என்பதால் மீதியை வீரர் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தே ஈட்டுகிறார். மறுகால் பெடலை மேலே இழுப்பதால் ஷூ கழன்றுவிடாதிருக்கப் பெடலுக்கு மேல் ஸ்ட்ராப்பும் கட்டிக்கொள்கிறார்கள்.

இந்த விசையின் முன்னால் ஒரு நட்டின் சோம்பல்கூடத் தாங்காது. ஒருமுறை கியர் மாற்றிவிட்டு வலப்பக்க அச்சு நட்டை இறுக்குவதற்குள் யாரோ கூப்பிட, நான் அதை விரலால் திருகியதோடு மறந்துவிட்டேன். தொடக்கத்தில் இரண்டாவது மிதியிலேயே பின்சக்கரம் முன்னோக்கி இழுபட்டுக் கோணலாகி, டயர் சட்டத்தில் உரசி, ரப்பர் கருகும் வாடையோடு வண்டி நின்றது. வேகம் பிடித்த பிறகு நடந்திருந்தால் பிரேக்கே இல்லாத வண்டியில் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து வரிசை மாறுவதில்லை: பின் பல்சக்கரத்தை இறுக்கி, அதன்மேல் லாக்ரிங்கை (பல்சக்கரம் கழலாமல் பூட்டும் வளையத்தை) இடஞ்சுழியாக இறுக்கி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்துச் செயினைச் சரிசெய்து, இரு நட்டுகளையும் மாற்றிமாற்றி ஸ்பேனரால் முறுக்கிவிட்டு, கிராங்கை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். எந்தப் பல்சக்கரமும் மிகத் துல்லியமான வட்டம் இல்லை. செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அது தடையின்றிச் சுற்ற வேண்டும், மிகத் தளர்வான இடத்தில் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் அளவு ஆட வேண்டும், அதற்கு மேல் கூடாது. ஒட்டும் வகை டயர் என்றால் காற்றை இறக்கிவிட்டுக் கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள். பசை விட்டிருந்தால் அன்று ஓட வேண்டாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கியர், டயர் அழுத்தம், நேரம், சராசரிச் சுழற்சி வேகம் ஆகியவற்றோடு அரங்கின் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறித்து வையுங்கள். 20 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 2.7 விழுக்காடு குறைகிறது. ஒரு பல் கூட்டியதால் வந்த முன்னேற்றம் என்று நீங்கள் நினைப்பது, அன்று அரங்கில் ஹீட்டர் போட்டிருந்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.