நைலான் செட்டில் பல் கழன்றது எதனால்

கிருஷ்ணகிரியில் பல் லேப் வைத்திருக்கிறேன். அக்ரிலிக் (கெட்டியான பிளாஸ்டிக்) பல் செட்டைக் கீழே போட்டுப் போட்டு உடைக்கும் ஒரு பெரியவருக்கு, டாக்டர் நைலானில் முழு செட் கேட்டார். செட் போன கொஞ்ச நாளில் கடைவாய்ப் பல் ஒன்று புளியங்கொட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, செட்டில் அது இருந்த குழியில் ஒரு கீறல்கூட இல்லை.

பல்லின் அடியைச் சொரசொரப்பாக்கி மோனோமர் (அக்ரிலிக் கலக்கும் திரவம்) தடவினேன். அது அக்ரிலிக்குக்குத்தான், நைலானில் வேலைக்கு ஆகாது. நைலானை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் மெஷினின் சூட்டை ஏற்றினேன், ஓரத்தில் பிசிறுதான் மிச்சம். நைலான் பல்லோடு ஒட்டாது, துளைக்குள் பாய்ந்து இறுகித்தான் பிடிக்கும். அதற்காக அடியில் ஒன்று, பக்கவாட்டில் குறுக்காக ஒன்று என்று துளையும் போட்டிருந்தது. அப்புறம் கழன்ற பல்லின் குறுக்குத் துளையை ஊசியால் குத்தினால், உள்ளே இளஞ்சிவப்பு மெழுகு! முதலில் மெழுகில் பல்லைப் பதித்துத்தான் அச்சு எடுப்போம்; வெந்நீர் ஊற்றி அந்த மெழுகை எடுக்கும்போது அச்சு முழுக்கச் சுத்தமாகத் தெரியும், அந்த முடுக்கில் மட்டும் தங்கிவிடுகிறது.

இப்போது துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கொதிநீரை சிரிஞ்சால் அடித்துளையில் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே வருகிறதா என்று ஒவ்வொரு பல்லாகப் பார்த்து, நன்றாகக் காயவிட்ட பிறகே நைலான் இன்ஜெக்ஷன். பல் கழல்வது நின்றுவிட்டது. ஆனாலும் முழு செட்டுக்கு என் முதல் சாய்ஸ் அக்ரிலிக்தான்; ஈறு வற்றி செட் தளர்ந்தால் உள்ளே லைனிங் போட நைலான் லேசில் இடம் கொடுக்காது.