புது கோதுமையா பழசா? யூதர்களோட 'யாஷான்' கணக்கு பாக்கறது எப்படி

மாவு பாக்கெட்ட கையில எடுத்தா எப்ப அறுத்ததுன்னுதான் நமக்கு கேக்கத் தோணும், ஆனா யூத சட்டத்துல கேக்க வேண்டியது எப்ப வேர் விட்டுச்சுங்கறத, இது புரிஞ்சுட்டா மிச்சம் ஈஸி.

பைபிள்ல லேவியராகமம் 23:14 சொல்றது, ஓமர் காணிக்கை (புது விளைச்சலோட முதல் கதிர்க்கட்டு) குடுக்கற நாள் வரைக்கும் புது விளைச்சல்ல அப்பமோ வறுத்த தானியமோ பச்சைக் கதிரோ தொடக்கூடாது. அந்த நாள் யூத காலண்டர்ல நிசான் மாசம் 16, வசந்தத்துல வர்ற பஸ்கா பண்டிகையோட ரெண்டாவது நாள். இந்தத் தடை கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் இந்த அஞ்சு தானியத்துக்கு மட்டும்தான், அரிசி சோளத்துக்கு இல்ல. அந்த நாளுக்கு முன்னாடி வேர் விட்டிருந்தா 'யாஷான்', பழசு. அப்புறம் வேர் விட்டா 'ஹாதாஷ்', புதுசு, அடுத்த பஸ்கா வரைக்கும் வெயிட் பண்ணணும்.

கி.பி. 70ல எருசலேம் ஆலயம் இடிஞ்சு காணிக்கையே நின்னுபோச்சு. அப்ப ரபி (யூத மத குரு) யோஹனான் பென் ஸக்காய் அந்த நாள் முழுக்க காத்திருக்கணும்னு ஆக்கினார். இஸ்ரேலுக்கு வெளிய இருக்கறவங்க இன்னும் ஒரு நாள் கூட காத்திருப்பாங்க.

இஸ்ரேல்ல மழைக்காலத்துல விதைக்கறதால பஸ்காவுக்கு முன்னாடியே வேர் விட்டுடும், பிரச்சனையே கம்மி. போலந்து மாதிரி குளிர் நாட்டுலதான் சிக்கல், வசந்தத்துல விதைச்ச பார்லியும் ஓட்ஸும் இல்லாம ரொட்டியும் பீரும் எப்படி? அங்க கிராக்கோவ் ஊர்ல இருந்த ரெமாங்கற ரபி, இது போன வருஷத்து தானியமா இருக்கலாம், இந்த வருஷத்துதுன்னாலும் முன்னாடியே வேர் விட்டிருக்கலாம்னு ரெட்டை சந்தேகத்த வச்சு அனுமதிச்சார். அவருக்குப் பின்னாடி வந்த ரபி யோயெல் சிர்கிஸ் யூதர் அல்லாதவங்க நிலத்து விளைச்சலுக்கு தடையே இல்லன்னார், எல்லாரும் ஒத்துக்கல. இத சாக்குன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அப்படி தோணல, சனங்களோட சாப்பாட்ட நெனச்சு பார்த்த மனசு அது. இன்னைக்கும் நெறைய குடும்பம் இந்த சலுகையிலதான் போகுது, அதனால மொதல்ல உங்க வீட்டு வழக்கம் என்னன்னு ரபிகிட்ட கேட்டுக்கோங்க.

யாஷான் கடைப்பிடிக்கறவங்க அமெரிக்காவுல இருந்தா இப்படி பாருங்க. கான்சாஸ் பக்கம் வர்ற குளிர்கால கோதுமை இலையுதிர் காலத்துல விதைக்கறது, எப்பவும் ஓகே, கேக், பிஸ்கட் மாவு பெரும்பாலும் இந்த வகைதான். நார்த் டகோட்டா, மொன்டானா பக்கத்து வசந்த கோதுமை பஸ்காவுக்கு அப்புறம்தான் பெரும்பாலும் வேர் விடும், அறுவடை ஆகஸ்ட் வாக்குல, பேகல் (வளைய ரொட்டி), ஹாலா (ஓய்வுநாளுக்கான பின்னல் ரொட்டி) செய்யற ஸ்ட்ராங் மாவு இதுலதான் அதிகம் வரும். பாஸ்தாவுக்கான டியூரம் கோதுமை, ஓட்ஸ், பார்லியையும் இதே கண்ணோட பாருங்க.

ஆகஸ்ட்ல இருந்து அடுத்த பஸ்கா வரைக்கும் பேக்கிங் தேதிய பாருங்க, இல்ல லேபிள்ல 'யாஷான்'னு இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு ஈஸியா தப்பிப்போகும், குளிர்கால கோதுமை மாவுன்னு நம்பி வாங்கறதுல கொஞ்சம் மால்ட் பார்லி (முளைகட்டி காயவச்ச பார்லி) மாவு கலந்திருப்பாங்க, அந்த பார்லி எந்த வருஷத்துதுன்னு கேக்கணும். சுலபமான வழி ஜூலையிலேயே வருஷத்துக்கு வேண்டிய மாவ வாங்கிடறது, ஆனா வெளிய வச்சா பூச்சி புடிச்சுடும், பூச்சி விழுந்தத அவங்க சாப்பிடவே மாட்டாங்க, அதனால ஃப்ரீசர்ல இடம் ஒதுக்கிட்டு அப்புறம் மூட்டைய தூக்குங்க.