சென்னை மைதானத்தில் நன்கொடை திரட்டுவது எப்படி? குலுக்கல் இல்லாமல் ஒரு வழி

கனடாவிலோ அமெரிக்காவிலோ ஐஸ் ஹாக்கி பார்த்துவிட்டு வந்த உறவினர் யாராவது அங்குள்ள ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ குலுக்கலைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். தன்னார்வலர்கள் கையடக்கக் கருவியுடன் வரிசை வரிசையாக வந்து எண்களை விற்பார்கள். சேர்ந்த தொகை அரங்கின் பெரிய திரையில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிவதற்குள் கணினி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க, திரண்ட பணத்தில் பாதி அந்த எண்ணை வாங்கியவருக்கும் மறுபாதி தொண்டு நிறுவனத்துக்கும் போகும். அதற்கென உரிமம் வழங்கும் அரசு அமைப்புகள் அங்கே உள்ளன.

இதையே சேப்பாக்கத்தில் செய்தால் என்ன என்று பல அறக்கட்டளை நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செய்யக்கூடாது என்பதே பதில். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி லாட்டரி நடத்தும் உரிமை மாநில அரசுகளுக்கு மட்டுமே உண்டு. அரசு நடத்தாத லாட்டரிக்கு இடம் வைத்திருப்பதையும் பரிசு அறிவிப்பு வெளியிடுவதையும் குற்றங்களுக்கான மத்தியச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பொருள் வாங்குவோருக்குக் குலுக்கலில் பரிசு தருவதைக் கூட 1979ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. சோப்பு, டீத்தூள் விளம்பரங்களின் அடியில் ‘தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது’ என்று சிறிய எழுத்தில் போடுவதன் காரணம் இதுதான். கட்டணம் வாங்கி, வெற்றியாளரைச் சரியாகக் கணிப்பவருக்குப் பணம் தரும் செயலிப் போட்டியும் 2025ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு வழியாகாது. நோக்கம் நல்லது என்பதால் இவற்றில் எதுவும் தளர்ந்துவிடாது.

ஆனால் அந்தக் குலுக்கலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பரிசு அன்று. கண்ணெதிரே ஏறும் தொகை, ஆட்டத்தோடு முடியும் காலக்கெடு, இருக்கையை விட்டு எழாமலே கொடுக்கும் வசதி ஆகிய மூன்றும்தான் அதன் உண்மையான பலம். மூன்றும் சட்டப்படி நமக்குக் கிடைக்கும்.

முதலில் போட்டி அமைப்பாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெறுங்கள். சேர்ந்த தொகையைத் திரையில் எத்தனை முறை, எந்த இடைவேளைகளில், எத்தனை விநாடி காட்டுவார்கள் என்பதை அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதியை நம்பினால் அன்றைய விளம்பர நெருக்கடியில் உங்கள் பத்து விநாடிதான் முதலில் காணாமல் போகும்.

அடுத்தது க்யூஆர் குறியீடு. அது அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணைத் தற்காலிகமாகக் கூடப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கேலரிக்கும் தனிக் குறியீடு உருவாக்கினால், எந்தப் பகுதியில் எவ்வளவு வந்தது என்பது உடனுக்குடன் தெரியும். வராத பகுதிக்கு ஆட்களை அனுப்பலாம். அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகாமல் தன்னார்வலரின் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஒட்டிய குறியீட்டின் மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிடும் மோசடி நம் ஊர்க் கடைகளில் நடந்திருக்கிறது. அட்டையில் அறக்கட்டளையின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, “பணம் அனுப்புவதற்கு முன் இதே பெயர் உங்கள் போனில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்” என்று தன்னார்வலர்களைச் சொல்ல வையுங்கள்.

கூட்டம் நிறைந்த அரங்கில் இணைய இணைப்பு திணறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அதனால் வசூலின் பெரும்பகுதியை வாயிலுக்கு வெளியிலேயே முடிக்கத் திட்டமிடுங்கள். சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்தும் அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்தும் நடந்து வருகிறவர்கள் வாலாஜா சாலையில் வரிசையில் நிற்கும் நேரம்தான் மிகச் சிறந்த நேரம்; கையில் போன் இருக்கும், மனம் உற்சாகமாக இருக்கும்.

திரையில் காட்டும் தொகையைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றில் தொகையைக் கையால் மாற்றும் பொறுப்பை ஒரே இளைஞரிடம் கொடுத்திருந்தோம். அவர் சாப்பிடப் போன நாற்பது நிமிடமும் திரையில் ஒரே எண் அசையாமல் நின்றது. வந்துகொண்டிருந்த பணமும் ஏறக்குறைய நின்றுபோனது. அவர் திரும்பி வந்து எண்ணை மாற்றிய பிறகுதான் மீண்டும் வரத் தொடங்கியது. ஆகவே கணக்கிலிருந்து தொகை தானாகவே திரைக்குச் செல்லும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டு பேரை மாற்றி மாற்றி அமர்த்துங்கள். தொகையோடு அதன் பொருளையும் காட்டுங்கள்: ‘12 குழந்தைகளுக்கு மூக்குக் கண்ணாடி’ என்பது வெறும் ரூபாய் எண்ணைவிட மனத்தில் நிற்கும்.

பரிசு இல்லாத குறையை ஆட்டத்தையே கொண்டு நிரப்பலாம். 2023 ஐபிஎல் பிளேஆஃப் ஆட்டங்களில் ரன் எதுவும் வராத ஒவ்வொரு பந்துக்கும் (டாட் பந்து) 500 மரக்கன்றுகள் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்ததும், சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தின்போது தொலைக்காட்சி ஸ்கோர் பட்டையில் புள்ளிக்குப் பதிலாக மரச் சின்னம் தோன்றியதும் பலருக்கு நினைவிருக்கும். அதே முறையில், ஒரு சிக்ஸருக்கு இவ்வளவு என்று உள்ளூர் நிறுவனம் ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைக்கலாம். வீரர்கள் கையெழுத்திட்ட மட்டையை ஏலம் விடலாம். அதிகத் தொகை கேட்டவருக்குப் போவதால் அதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. ஆனால் ஏலத்தில் எடுத்தவர் பொருள் பெற்றிருக்கிறார் என்பதால், அவர் கொடுத்த முழுத் தொகைக்கும் நன்கொடை ரசீது எழுதிவிடாமல் தணிக்கையாளரைக் கேளுங்கள்.

நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று நாம் பழகிய சலுகையைக் கேட்பவர்களுக்குப் பெயர், முகவரி, பான் எண் தேவைப்படும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவருக்கே அது பயன்படும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தரும் பணம், அவர் நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையாகும். அதற்கான பதிவும் தனிக் கணக்கும் இல்லாவிட்டால் நன்றி கூறி மறுத்துவிடுங்கள். எண்களையும் முகவரிகளையும் ரசீதுக்காக மட்டுமே வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினால், பிறகு அவற்றை வேறு எதற்கும் தொடக்கூடாது.

கடைசி ஓவருக்கு முன்பே வசூலை மூடி, இறுதித் தொகையைத் திரையில் ஒருமுறை நிறுத்திக் காட்டுங்கள். செய்தி பெறச் சம்மதித்தவர்களுக்கு அன்றிரவே அதே எண்ணை அனுப்புங்கள். பணம் செலவான பின், எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணாடி கிடைத்தது என்ற இரண்டாவது செய்தி போக வேண்டும். அதை அனுப்பும் தேதியையும் பொறுப்பாளரின் பெயரையும் ஆட்டத்துக்கு முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.