கணவருக்கு மனநோய், எனக்கு ஓட்டப் பழக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் டிசம்பர் மாதம் ஆறரை மணிக்குத்தான் விடியும். அஞ்சு மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல், ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டு ஓடப் போன ஒரு மாதம் என் வாழ்க்கையில் உண்டு. என் வீட்டுக்காரருக்கு இருமுனை மனநோய்: ஒரு முனையில் மனச்சோர்வு, மறுமுனையில் அளவு மீறிய எழுச்சி. டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். அப்போது மனச்சோர்வின் அடி ஆழத்தில் இருந்தார். தூங்குகிறவரை எழுப்ப வேண்டாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், இவர் இப்படிக் கிடக்கையில் நான் ஓடப் போகிறேனே என்ற கூச்சம்தான் ஷூவைக் கையில் தூக்க வைத்தது.

ஒரு நாள் திரும்பி வந்தபோது அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. "நீ போயிட்டேன்னு நெனச்சேன்" என்றார். ஓடப் போனதை அவர் சொல்லவில்லை. வீட்டை விட்டே போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஐம்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்குப் பிறகு ஓட்டத்தை அடியோடு விட்டேன். நான்கு மாதம். அதுவும் தவறாகத்தான் முடிந்தது. தூக்கம் கெட்டது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன், அந்த எரிச்சலெல்லாம் அவர் தலையில் போய் விடிந்தது. ஒளித்து ஓடாமலும் ஓட்டத்தை விடாமலும், மாத்திரைக்கு ஒரு வேளை இருப்பதுபோல ஓட்டத்துக்கும் அவருக்குத் தெரிந்த ஒரு வேளையை வீட்டுக்குள் உண்டாக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொல்லாமல் போவது

மனச்சோர்வில் இருக்கும் மனதுக்கு வெற்றிடம் ஆகாது. தகவல் இல்லாத இடத்தையெல்லாம் இருப்பதிலேயே மோசமான விளக்கத்தால் நிரப்பிக்கொள்ளும். அதனால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எப்போது திரும்புவேன். எங்கள் வீட்டில் நாட்காட்டித் தாளிலேயே எழுதிவிடுவேன். "7.40 – 8.10, சிம்ஸ் பூங்கா வரை." ஐந்து நிமிடம் தாமதமானாலும் போன் செய்துவிடுவேன்.

கேட்கும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. "நான் போகட்டுமா?" என்று கேட்டால், அனுமதி கொடுக்கும் சுமையை நோயில் இருப்பவர்மேல் வைக்கிறோம். அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார், ஆனால் மனசுக்குள் பயப்படுவார். "ஏழே முக்காலுக்குப் போகவா, எட்டரைக்குப் போகவா, உங்களுக்கு எது தோது?" என்று கேட்டால் அவரும் சேர்ந்து எடுத்த முடிவாகிறது.

விடிகாலையில்தான் ஓடவேண்டும் என்ற பிடிவாதம்

ஓடுகிறவர்களுக்கு அதிகாலை என்றால் தனிப் பிரியம். ஆனால் கடுமையான மனச்சோர்வில் பலருக்கும் நாளின் மிகக் கொடிய நேரம் அதுதான். மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும், மறுபடி தூக்கம் வராது. பயமும் குற்ற உணர்வும் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நான் ஊரெல்லாம் தூங்குகிறது என்று நினைத்து வெளியேறிய அந்த ஐந்து மணிதான், அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மிகவும் தேவைப்பட்ட மணி.

இப்போது அந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருக்கிறேன். அவர் எழுந்தால் காபி போடுவேன், பேசச் சொல்லி வற்புறுத்தமாட்டேன். காலை மாத்திரை போட்டு, இட்லியோ உப்புமாவோ உள்ளே போய், அவர் வெயில் விழுகிற திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் என் ஓட்டம். நம் மலையில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. இருட்டிலும் பனிமூட்டத்திலும் தேயிலைத் தோட்டத்து வளைவுகளில் காட்டுமாடோ கரடியோ எதிரே நிற்பதைக் குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களை நம்பி வீட்டில் ஒருவர் இருக்கும்போது அந்த ஆபத்தை வலியப் போய் வாங்காதீர்கள்.

"பத்து கிலோமீட்டர் இல்லையென்றால் எதற்கு?"

இந்த எண்ணத்தால்தான் நிறையப் பேருக்கு ஓட்டம் முழுசாக நின்றுபோகிறது. உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. முழுக்க நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சுத் திறன் இறங்கத் தொடங்கும், அது உண்மை. ஆனால் நாட்களையும் தூரத்தையும் குறைத்துக்கொண்டு, ஓடுகிற தீவிரத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தால் அந்தத் திறன் பல வாரங்களுக்குப் பெரிதாகக் குறையாமல் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்லியிருக்கும் கடும் உடற்பயிற்சி வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம். வாரம் மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம் ஓடினால் 75 வந்துவிடுகிறது.

சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமாக இருக்கும் ஊரில் 25 நிமிடம் என்பது சின்ன விஷயமே இல்லை. அவர் மோசமாக இருக்கும் வாரங்களில் எங்கள் தெருவின் கடைசி ஏற்றத்தையே ஆறு முறை ஏறி இறங்குவேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவருக்கு என் தலை தெரியும். போட்டிக்குப் பணம் கட்டிவிட்டோமே என்று தவித்து, வீட்டு நிலைமையோடு மல்லுக்கட்டி, நீள ஓட்டங்களை நுழைக்கப் பார்க்காதீர்கள். மோசமான பருவம் கடந்த பிறகு நீள ஓட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகள் வரும். எனக்கு என் கொழுந்தனார் ஊட்டியிலிருந்து வரும் ஞாயிறுகள் அப்படித்தான் கிடைத்தன.

ஓட்டத்தை மருந்தாக்குவது

நான் செய்ததிலேயே பெரிய தவறு இது. இதை விளக்கமாகச் சொல்லவேண்டும்.

நமக்கு ஓடினால் மனசு லேசாகிறது. அதனால் அவருக்கும் ஆகும் என்று நம்பிவிடுகிறோம். உடற்பயிற்சி மனச்சோர்வுக்குத் துணை செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் பல் தேய்க்கக்கூட எழ முடியாத நிலையில் இருப்பவரிடம் "எழுந்து நாலு ரவுண்டு ஓடினா எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னால், அவர் காதில் விழுவது "நீ சோம்பேறி" என்பதுதான். கேட் வரைக்கும் உங்களோடு நடந்து வரச் சொல்லுங்கள். வந்தால் போதும். வராவிட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை நாமும் பொறுக்கத்தான் வேண்டும்.

ஒரு ஏப்ரலில் அவரே எழுந்து வந்து "நானும் வர்றேன்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முதல் நாள் மூன்று கிலோமீட்டர். நான்காம் நாள் லேம்ப்ஸ் ராக் காட்சிமுனை வரை போய்த் திரும்பினார். வழியெல்லாம் பேச்சு, சிரிப்பு. எங்கள் வீட்டு வரிசையில் இருந்த எல்லோரிடமும் ஓட்டம்தான் அவரைக் குணமாக்கிவிட்டது என்று சொன்னேன். ஆறாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு, ஷூ போட்டுக்கொண்டு, தலையில் குல்லாவோடு என் தலைமாட்டில் நின்றார். "கிளம்பு, மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கிடலாம்." கண் பளபளத்தது. அது குணம் இல்லை, நோயின் மறுமுனை. தூக்கம் ஏழு மணி நேரத்திலிருந்து நான்காகக் குறைந்து, அதன் பிறகும் களைப்பே இல்லாமல் இருப்பது அந்த முனை தொடங்குவதன் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. அது எனக்கு அப்போது தெரியாது. அந்த மாதமே அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது.

பைபோலார் உள்ளவர் திடீரென்று உங்களைவிட அதிகமாக ஓடத் தொடங்கினால், முதலில் அவருடைய தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள். இரண்டு மூன்று இரவுகள் தூக்கம் குறைந்திருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மனநிலை ஏறி இறங்காமல் காக்கும் லித்தியம் மருந்தைச் சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ரத்தத்தில் அந்த மருந்து இருக்கவேண்டிய அளவு மிகக் குறுகியது, பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை. உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறும். மலைக் குளிரில் வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது. ஆகவே அவர் ஓடினாலும் நடந்தாலும் தண்ணீர் கட்டாயம். அதைவிட ஆபத்து, ஓடுகிறவர்கள் வீட்டு டிராயரில் எப்போதும் கிடக்கிற வலி மாத்திரை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை லித்தியம் அளவை ஏற்றிவிடும். என் முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருந்ததை அவர் தலைவலி என்று இரண்டு நாள் போட்டுக்கொண்டிருக்கிறார். காபி கொடுத்தபோது டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நடுக்கம் கூடினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். இப்போது என் வலி மாத்திரை என் பையில் இருக்கிறது. அவர் தலைவலிக்கு டாக்டர் சொன்ன பாரசிட்டமால் மட்டும்தான்.

ஊர்ப்பேச்சுக்குப் பணிவது

"ஏம்மா, அவன் இப்படிக் கிடக்கறப்போ உனக்கு ஓட்டம் கேக்குதா?" என் அத்தை கேட்டார். அவர் மன வேதனையில் கேட்டது, நான் கோபப்படவில்லை. ஆனால் பதிலும் என்னிடம் இல்லை. பிறகுதான் தெரிந்தது. 1970களில் லண்டனில், மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். குறை சொல்லலும் கோபமும் அளவு மீறிய தலையீடும் நிறைந்த வீடுகளில் நோய் அதிகம் திரும்பியது. அப்படிப்பட்ட வீட்டாரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடியது. பைபோலாரிலும் குடும்பத்தின் குறைகூறல் நோயைத் திருப்புகிறது என்று பின்னால் கண்டார்கள். பக்கத்திலேயே கிடந்து கடுகடுப்பதைவிட, அரை மணி நேரம் விலகிப் போய், மூச்சு வாங்க, முகம் மலர்ந்து திரும்பி வருவது அவருக்கும் நல்லது. இதை அத்தையிடம் ஆய்வாகச் சொல்லவில்லை. "அந்த அரை மணி நேரம் நீங்க அவர் பக்கத்துல உட்காருங்க அத்தே" என்றேன். இப்போது இருவரும் ரேடியோ கேட்கிறார்கள்.

கூட ஓடுகிறவர்களிடம் அவருடைய நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அது அவருடைய ரகசியம். "வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை" என்ற அளவுக்குச் சொல்ல யாரையும் கேட்க வேண்டாம்.

ஓடவே கூடாத நாட்கள்

"நான் இல்லாம இருந்தா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற மாதிரி பேச்சு வந்த நாளில் ஷூவைத் தொடாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவசரத்துக்கு 108. மாவட்ட மனநலத் திட்டம் நீலகிரியிலும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்ட நாள், காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் நாள், இரண்டு இரவு தொடர்ந்து தூங்காத நாள், இவையும் ஓடாத நாட்கள்தான்.

தேயிலைக்கும் காய்கறிக்கும் அடிக்கிற பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும் என்பதால் பத்து நாள் மாத்திரை கூடுதலாக வாங்கி வைக்கவேண்டியிருக்கிறது. அந்தக் கையிருப்பு அத்தையின் பீரோவில், பூட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரு வாரத்துக்குத்தான்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். கவலை ஏற ஏறக் கிலோமீட்டரும் ஏறினால், வலியோடு ஓடினால், ஓடி முடித்தும் வீட்டுக்குள் போக மனம் வராமல் வெளியே நின்றால், உங்களுக்கும் ஒரு டாக்டரிடம் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது. நான் ஒரு முறை பேசினேன். ஆறு வாரம் போனேன்.

கடைசியாக ஒரு நோட்டு. எத்தனை நிமிடம் ஓடினேன் என்று எழுதி வந்த அதே நோட்டில், ஓரத்தில் கோடு கிழித்து அவர் தூங்கிய மணி நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான். சில நாள் அவரே எழுதுவார். போன மார்ச்சில் அந்த ஓரத்தில் 7, 6½, 5, 4½ என்று இறங்கியிருந்தது. நான் பார்ப்பதற்குள் அவரே விரலால் அந்த எண்களைத் தடவிக் காட்டி, "டாக்டருக்குப் போன் பண்ணு" என்றார். மருந்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வாரம் நான் ஓடவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை, 25 நிமிடம்.