ட்ரான்ஸ்போர்டேஷன் படிக்கப் போறீங்களா, இதைப் பார்த்துட்டுப் போங்க

சிவில் முடிச்சுட்டு எம்டெக் ட்ரான்ஸ்போர்டேஷன் போறவங்க நிறைய பேர் ரோடு போடுறதுதான் படிப்புன்னு நினைச்சு வர்றாங்க, வந்த அப்புறம் பாதி எகனாமிக்ஸ், பாதி ஸ்டாடிஸ்டிக்ஸ்னு பார்த்து முழிக்கிறாங்க. ஜனங்க பஸ்ஸா பைக்கான்னு எப்படி முடிவு பண்றாங்கங்கிற சாய்ஸ் மாடலுக்கு அடித்தளம் போட்டவர் டேனியல் மெக்ஃபேடன், 2000ல எகனாமிக்ஸ் நோபல் வாங்கினவர், இஞ்சினியர் இல்ல.

அதனால எலெக்டிவ் எடுக்கறப்போ எகனோமெட்ரிக்ஸ் (எகனாமிக்ஸ் டேட்டாவுக்கான ஸ்டாடிஸ்டிக்ஸ்) ஒண்ணு, ப்ளானிங் டிபார்ட்மென்ட்ல ஒண்ணு, கோடிங் ஒண்ணுன்னு கலந்து எடுங்க. மார்க் குறையும்னு சீனியர் பயமுறுத்துவாங்க, விடுங்க.

சேர்றதுக்கு முன்னாடியே ஒரு வேலை பண்ணிப் பாருங்க. காலைல 9 மணிக்குப் பக்கத்து சிக்னல்ல ஒரு நோட்டோட நின்னு 15 நிமிஷம் வண்டி எண்ணுங்க. அப்புறம் ஐஆர்சி 106ஐ, அதாவது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட நகர ரோடு கைடுலைனை, எடுத்துப் பாருங்க, ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம்னு அதுல இருக்கும்: கார் 1னா பைக் 0.5ல இருந்து 0.75, பஸ் 2.2ல இருந்து 3.7 வரைக்கும். நீங்க எண்ணினதை இதால பெருக்கிக் கூட்டினா, மொத்தம் எத்தனை கார் அளவுக்கு ரோடு அடைபடுதுன்னு தெரியும். ஆனா அந்த பஸ்ஸுக்குள்ள 60 பேர் இருக்காங்களே, அது அந்தக் கணக்குல எங்கேயும் வராது! அந்த இடத்துலதான் மத்த சப்ஜெக்ட் எல்லாம் உள்ள வருது.

சாஃப்ட்வேர்னா, ட்ராஃபிக்கைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கிற சுமோ (SUMO) போதும், ஃப்ரீதான்.